பாறைக்கு ஒரு வாளி

"பாறையாம், பாறை!"

முன் வரிசையில் உட்கார்ந்திருந்த டீச்சர் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தாள். மடியில் மூடி போட்ட பித்தளைக் கலசம். அதற்குள்தான் அந்தப் பாறை, அதாவது அவள் வீட்டுக்காரர், சாம்பலாகிச் சமர்த்தாக உட்கார்ந்திருந்தார். போன மாதம் வரைக்கும் வீட்டிலிருக்கிற குழாய்களையெல்லாம் யாராலும் திறக்க முடியாதபடி இறுக்கி மூடி, ஏச்சு வாங்கிக்கொண்டிருந்த மனிதர்.

மேடையில் முன்னாள் கடற்படையினர் சங்கத் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். சிலருக்கு மைக்கை வாங்கத்தான் தெரியும், திருப்பிக் கொடுக்கத் தெரியாது. இவர் அந்த ரகம்.

"அன்னிக்குப் புயல்னா அப்படி ஒரு புயல்! கப்பல் இந்தப் பக்கம் சாயுது, அந்தப் பக்கம் சாயுது. நாங்கல்லாம் ஆளுக்கொரு வாளியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுச் சுருண்டு கிடக்கோம். என்ஜின் ரூமை எட்டிப் பார்த்தா, நம்ம ஆளு ஒரு குழாயைப் பிடிச்சுக்கிட்டு நேரா நிக்கறார்! 'பயமா இருக்கா'ன்னு கத்தினேன். வாயைத் திறக்கல. தலையை மட்டும் இப்படி ஆட்டினார். அன்னிக்கு வெச்சோங்க பேரு. பாறைன்னு!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. டீச்சருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் இருந்தவர்கள் பாவம், அழுகிறாள் என்று நினைத்து உச்சுக்கொட்டினார்கள். அந்த மனிதர் அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவளுக்கல்லவா தெரியும்!

ஊருக்குத்தான் தெரியக்கூடாது, உங்களிடம் சொன்னால் என்ன? பாறைக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது.

கல்யாணமான புதிதில் ஒரு சாயங்காலம், பூங்காக் குளத்தில் கால்மிதிப் படகு விடுகிறார்கள் என்று இரண்டு பேரும் போனார்கள். புது மாப்பிள்ளை, அதுவும் கடற்படைக்காரர், பெண்டாட்டியைப் படகில் ஏற்றிக் காட்டாமல் இருப்பாரா? குளம் என்ன பெரிய குளம், இடுப்பளவு தண்ணீர், ஓரத்தில் வாத்து. நடுக்குளம் போவதற்குள் மாப்பிள்ளை முகம் வெளுத்தது. அப்புறம் பச்சையானது. அப்புறம் புதுப் பெண்டாட்டியின் புதுச் செருப்பு... சரி, அதை விடுங்கள். கரையேறிப் புல்தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு அவர் உண்மையைச் சொன்னார்.

"கப்பல்லயும் இப்படித்தான். துறைமுகம் தாண்டினா ஆரம்பிச்சுரும். என்ஜினுக்குப் பின்னால ஒரு வாளி ஒளிச்சு வெச்சிருக்கேன்."

"அப்புறம் எப்படிங்க வேலை பார்க்கறீங்க?"

"வாயை மூடிக்கிட்டு."

அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பில் வாத்துகளெல்லாம் அக்கரைக்குப் போய்விட்டன. சிரித்து முடித்த பிறகுதான் பாவமாக இருந்தது. அவர் எழுந்து உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "கப்பல்ல ஒரு பயலுக்கும் தெரியாது. வாயைத் திறந்தா வந்துரும்னு நான் விறைச்சு நிக்கறேன், இவனுங்க என்னைப் பெரிய வீரன்னு நினைச்சுக்கிட்டிருக்கானுங்க. என் மானம் உன் கையிலதான் இருக்கு. யார்கிட்டயும் சொல்லிராதே." அவளும் சத்தியம் செய்து கொடுத்தாள். பெற்ற பிள்ளைகளிடம்கூடச் சொல்லவில்லை.

சத்தியம் ஒரு பக்கம் இருக்கட்டும். அன்றையிலிருந்து டீச்சருக்குக் கடற்படை மேல் ஆத்திரமான ஆத்திரம். "கரையில ஒரு வேலை கேளுங்களேன்" என்பாள். "கேட்டாச்சு, தரமாட்டேங்கறாங்க" என்பார். அடுத்த வருஷமும் கேட்பாள், அதே பதில். ஒரு மனுஷன் குடலே வெளியே வருகிற மாதிரி அவதிப்படுகிறான், ஒரு நாற்காலியும் மேசையும் போட்டுக் கொடுக்க இவர்களுக்கு என்ன கேடு? கப்பலுக்குச் 'சக்களத்தி' என்று பேர் வைத்தாள். "என் சக்களத்தி எப்பக் கிளம்பறா?" என்றுதான் கேட்பாள். கடற்படை விழா எதற்கும் போகமாட்டாள். அதிகாரி வீட்டு அம்மாக்கள் கூப்பிட்டு அனுப்பினால், மைதானத்தில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுவாள்.

மைதானத்தில் வேலையும் இருந்தது. பெண்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். குரல் கொடுத்தால் அந்தக் கோடியில் ஓடுகிற பிள்ளை இந்தக் கோடியில் வந்து நிற்கும். கல்யாணமான மறு வருஷம் கிடைத்த வேலை. மண்ணும் முள்ளுமாகக் கிடந்த இடத்தைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டே கொத்திச் சமப்படுத்தி, கோடு போட்டு, வலை கட்டி, கைப்பந்துக் குழு ஒன்றை உருவாக்கியிருந்தாள். அதில் அவளுக்கு உயிர்.

கப்பல் திரும்பி வந்துவிட்டால் அவர் பெட்டியை வீட்டில் போட்டுவிட்டு நேரே அந்த மைதானத்துக்குத்தான் வருவார். வலை கிழிந்திருந்தால் முடிந்து கொடுப்பார். அவர் போட்ட முடிச்சை அவிழ்த்தவர் கிடையாது, வலை மாற்றும்போது கத்தியால்தான் அறுத்தார்கள். வெளியே போன பந்தை ஓடிப் பொறுக்குவார். டீச்சர் பிள்ளைகளைத் திட்டினால் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று அவர்களைப் பார்த்துக் கண் சிமிட்டுவார். வீட்டுக்கு வந்ததும் வெந்நீர் வைத்து, நாளெல்லாம் நின்ற காலை அதில் வைக்கச் சொல்லி, எதிரே முக்காலியைப் போட்டுக்கொண்டு, "இன்னிக்கு யாரு யாருக்குத் திட்டு? ஒண்ணு விடாம சொல்லு" என்பார். அவள் ஒரு கதை சொன்னால் அவர் ஒன்பது கதை சொல்வார். வாய் திறக்காத பாறையா அவர்? கரையில் அந்த வாய் மூடினால்தானே!

ஓய்வு பெற்ற பிறகு கேட்கவே வேண்டாம். மழை தூறினால் போதும், பள்ளிக்கூட வாசலில் குடையோடு ஆஜர். பிள்ளைகள் 'குடை சார்' என்றார்கள். அதைக் கேட்டு ஒரு பூரிப்பு அந்த முகத்தில். கடற்கரைப் பக்கம் மட்டும் காற்று வாங்கக்கூடப் போகமாட்டார். "பார்த்தது போதும்" என்பார். பேரப்பிள்ளைகள் கேட்டால் மட்டும் கடல், புயல், திமிங்கிலம் என்று அளந்து விடுவார். அதையெல்லாம் கேட்டு வளர்ந்தவன்தான் மகனும்.

போனதும் நிம்மதியாகத்தான் போனார். மதியம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்து, "கொஞ்சம் கண்ணை மூடறேன், காப்பி போடும்போது எழுப்பு" என்றார். எழுப்பினாள். எழுந்திருக்கவில்லை. ஓர் ஆட்டம் அசைவு இல்லாமல் போய்ச் சேர்ந்தார், அவருக்கு அது பிடித்திருக்கும் என்று டீச்சர் அழுகைக்கு நடுவிலும் நினைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் வந்தது வினை. அஸ்தியை நடுக்கடலில் கரைப்பது என்று மகன் முடிவு செய்துவிட்டான். சங்கத் தலைவர் படகுக்கு ஏற்பாடு செய்துவிட்டார். "வீட்டிலேயே ஒரு ஓரமா வெச்சுக்கலாமேப்பா" என்று டீச்சர் சொல்லிப் பார்த்தாள். "என்னம்மா நீங்க, கடல்ல ராஜா மாதிரி இருந்தவரைக் கொண்டுபோய் மூலையில அடைக்கறதா?" என்றான். அம்மா துக்கத்தில் பேசுகிறாள் என்று அவனாகவே நினைத்துக்கொண்டு தோளைத் தட்டிக் கொடுத்தான். காரணத்தைச் சொன்னால் சத்தியம் போச்சு, அவர் மானம் போச்சு. சொல்லாவிட்டால் அந்த மனிதர் காலாகாலத்துக்கும் அலையில் ஆடிக்கொண்டு கிடக்க வேண்டும். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் தவித்தாள்.

இப்போது மேடையில் மகனே ஏறிவிட்டான். "அப்பாவுக்குக் கடல்தான் முதல் வீடு. இன்னிக்கு அப்பா தன் வீட்டுக்குத் திரும்பிப் போறார்" என்றான்.  நல்ல பிள்ளைதான். நல்ல பிள்ளைகள் செய்கிற காரியத்தைத் தடுப்பதுதான் இருக்கிற வேலைகளிலேயே கஷ்டமான வேலை. டீச்சர் கலசத்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

பேச்செல்லாம் முடிந்து, டீ குடித்துவிட்டுப் படகுக்குப் போகலாம் என்று அறிவித்தார்கள். அவள் கலசத்தோடு எழுந்து பின்பக்க வராந்தாவுக்கு வந்தாள். எதிரே துறைமுகம். படித்துறையில் கட்டியிருந்த படகு, ஆள் ஏறுவதற்கு முன்னாலேயே குதித்துக்கொண்டிருந்தது. காற்று கொஞ்சம் பலமாகத்தான் இருந்தது. படகு கண்ணில் படாதபடி டீச்சர் கலசத்தைச் சுவரோரப் பெஞ்சில் வைத்தாள்.

"தங்கச்சி, டீ."

திரும்பினால் நங்கூரம். அவள் கணவரோடு ஒரே என்ஜின் ரூமில் இருந்தவர். உடம்பு அப்படி, உட்கார்ந்தால் கிளப்ப நாலு பேர் வேண்டும், அதனால் அந்தப் பேர். டீயை நீட்டிவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றார். தொண்டையைச் செருமினார். படகைப் பார்த்தார். மறுபடி செருமினார்.

"என்னண்ணா?"

"ஒண்ணுமில்ல... காத்து ஜாஸ்தியா இருக்கே. இன்னிக்குப் படகு வேணாம்னு சொல்லிப் பாருங்களேன்."

"நாளைக்குப் போலாம்ங்கறீங்களா?"

"நாளைக்கும் வேணாம். அது என்னன்னா... அவனுக்குக் காத்து... அதாவது, குளிர்ச்சி ஒத்துக்காது."

டீச்சர் அவரை உற்றுப் பார்த்தாள். மைதானத்தில் பொய்க் காயம் சொல்கிற பிள்ளையைப் பார்க்கிற பார்வை. "சாம்பலுக்குக் குளிர்ச்சி ஒத்துக்காதா அண்ணா?"

நங்கூரம் வியர்த்துப் போனார். அவளுக்குச் சட்டென்று பொறி தட்டியது.

"உங்களுக்குத் தெரியும்!"

"என்ன தெரியும்? எனக்கு ஒண்ணும் தெரியாது! உங்களுக்கு என்ன தெரியும்?"

"வாளி."

அவ்வளவுதான், நங்கூரத்தின் தொப்பை குலுங்க ஆரம்பித்தது. டீச்சரும் சிரித்தாள். டீ சிந்தியது. இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல், கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தார்கள்.

"அந்த வாளியைக் கொண்டுபோய்க் கொட்டினதே நான்தான் தங்கச்சி! எத்தனை வருஷம்! 'டேய், என் வீட்டுக்காரிக்கு மட்டும் தெரியக்கூடாது, தெரிஞ்சா மதிக்கமாட்டா'ன்னு சத்தியம் வாங்கிட்டான்."

"என்கிட்ட, கப்பல்ல ஒருத்தருக்கும் தெரியாதுன்னு சத்தியம்."

"படுபாவிப் பய."

"சரியான கள்ளன்" என்றாள் டீச்சர். சொல்லும்போதே அந்தக் கள்ளன் மேல் ஆசை பொங்கிக்கொண்டு வந்தது. அடுத்த நிமிஷம் பழைய ஆத்திரம் தலைதூக்கியது. "சிரிக்கறோம் அண்ணா, ஆனா என் வயிறு எரியுது. உங்க கடற்படைக்கு ஈவு இரக்கமே கிடையாதா? இந்த மனுஷன் வருஷா வருஷம் கரை வேலை கேட்டாரே. கடைசி வரைக்கும் தரலையே! நான் செத்தாலும் அதை மன்னிக்கமாட்டேன்."

நங்கூரத்தின் சிரிப்பு நின்றது.

"யாரு தரல?"

"உங்க ஆளுங்கதான்."

"தங்கச்சி, கப்பல் டாக்டர் கண்டுபிடிச்சு, அவரே மேலே பேசி, மாத்தல் வாங்கிக் கொடுத்தார். உள்நாட்டுல பயிற்சிப் பள்ளி. என்ஜின் பாடம் சொல்லிக் கொடுக்கற வேலை, வீடும் உண்டு. ஒரு தடவையா கொடுத்தாங்க? இவன்தான் வேணாம் வேணாம்னு தள்ளிவிட்டான். உங்களுக்கு... உங்ககிட்ட அவன் சொல்லவே இல்லையா?"

 கையிலிருந்த டீயை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"அந்த ஊரு ரயில்ல போனா விடிய விடிய, மறுநாளும் போகணும். முதல் தடவை கேட்டப்ப, 'டீச்சரோட பிள்ளைங்க இந்த வருஷம் கோப்பை அடிக்கப் போறாங்கடா, இப்பப் போய் எப்படிக் கிளப்பறது'ன்னான்."

"அந்த வருஷம் முதல் ஆட்டத்துலயே தோத்துட்டு வந்தோம்!" அவள் குரல் கீச்சென்று வந்தது.

"அடுத்த தடவை நான் நல்லாத் திட்டினேன். 'டேய், செத்துருவடா, கரைக்குப் போய்த் தொலை'ன்னேன். வாளியைக் கையில வெச்சுக்கிட்டே சொல்றான்: 'எனக்கு வாந்தி வந்தா வாளி இருக்கு. அவ தன் கையால கொத்தி உண்டாக்கின மைதானம்டா அது. அங்க போய் அவளுக்கு நான் எதைக் கொடுப்பேன்?' அதோட நான் பேசறதை விட்டுட்டேன்."

வராந்தாச் சுவரில் சாய்ந்து டீச்சர் அழுதாள். அவர் போன அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. அடப்பாவி மனுஷா! கேட்டாச்சு, தரமாட்டேங்கறாங்க என்று முகத்தைப் பாவம் போல வைத்துக்கொண்டு சொன்னீரே! ஒன்றுமே தெரியாமல் கடற்படையைக் கரித்துக் கொட்டினேனே, அத்தனையையும் எதிரே முக்காலியில் உட்கார்ந்து தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தீரே! கோபம் வந்தது, வெட்கம் வந்தது, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெரிய சந்தோஷம் வந்தது. ஒரு மனுஷி மேல் ஒருத்தர் இப்படிக்கூடப் பிரியம் வைக்க முடியுமா? முடிந்திருக்கிறது. அவள் மேல்தான் அப்படி வைத்திருந்தார்.

"அம்மா!" மகன் வாசலில் வந்து நின்றான். "எல்லாரும் ஏறத் தயாரா இருக்காங்க. வாங்க, போலாம்."

டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "படகு வேணாம்ப்பா."

"என்னம்மா இது? எவ்வளவு பேர் வந்திருக்காங்க பாருங்க. வெள்ளை உடுப்பு போட்டு நிக்கறாங்க. அப்பாவோட ஆசைம்மா!"

"உன்கிட்ட சொன்னாரா?"

"சொல்லணுமா? அவர் கடற்படைக்காரர்."

நங்கூரம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டீச்சர் கண்ணாலேயே அவரை அடக்கினாள். பாறை என்கிற அந்தப் பேர் அப்படியே இருக்கட்டும். அதை யாரும் தொட வேண்டாம். அவள் கலசத்தை எடுத்துக்கொண்டு நேரே கூடத்துக்குள் போய், அதை மேடை விளிம்பில் வைத்துவிட்டு, முன்னால் நின்று இரண்டு தட்டுத் தட்டினாள். பிள்ளைகளை வரிசைக்குக் கூப்பிடுகிற கைத்தட்டு. பேச்சுச் சத்தம் நின்றுவிட்டது. தலைவர்கூட டீக்கோப்பையைக் கீழே வைத்தார்.

"எல்லாரும் என்னை மன்னிக்கணும். இவரை நான் கடலுக்கு அனுப்பப் போறதில்ல" என்றாள். குரல் கடைசி வரிசைக்கும் கேட்டது. "இவருக்குப் பயிற்சிப் பள்ளிக்கு மாத்தல் வந்துச்சு. நல்ல வேலை, வீடு, எல்லாம். நான் இந்த ஊர்ல வேலை பார்த்தேன்னு வேணாம்னுட்டார். மறுபடி வந்துச்சு, மறுபடியும் வேணாம்னுட்டார். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. இப்பத்தான் எனக்குத் தெரியும். இன்னிக்கு நீங்க எல்லாரும் சேர்ந்து, பிரியமாத்தான், இவருக்கு இன்னொரு மாத்தல் போட்டிருக்கீங்க. வேணாம்னு சொல்ல இவருக்கு இப்ப வாய் இல்ல. அதனால நான் சொல்றேன். இவர் என் கூட வீட்டுக்கு வர்றார்."

 முன் வரிசையில் இருந்த மகள் மூக்கை உறிஞ்சினாள். தலைவர் எழுந்தார். மைக்கைத் தேடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். தேடவில்லை.

"நான் இருந்த கப்பல்லயே இருந்துக்கிட்டு எனக்கே தெரியாம..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. கலசத்துக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். அப்புறம் வாசல் பக்கம் திரும்பி, "படகைக் கட்டிப் போடச் சொல்லுங்கப்பா. ஆளு வரமாட்டார்" என்றார்.

 மகன் வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான். காருக்குப் போகிற வரைக்கும் விடவில்லை. மகள் முன்னால் ஏறிக்கொண்டாள். டீச்சர் பின்னால் உட்கார்ந்து கலசத்தை மடியில் வைத்துக்கொண்டாள். பின்கட்டில், சமையலறை ஜன்னலுக்கு நேராக, வெயில் படுகிற இடமாகப் பார்த்துக் குழி தோண்டி வைத்துவிடலாம் என்று வழியிலேயே முடிவாகிவிட்டது.

"எனக்குத் தெரியவே தெரியாதும்மா" என்றான் மகன், வண்டியை ஓட்டிக்கொண்டே. "கடல் மேல அவ்வளவு ஆசை வெச்சுக்கிட்டு, உங்களுக்காகவும்... அப்பா பெரிய ஆளுதான்."

"பெரிய ஆளுதான்" என்றாள் டீச்சர்.

துறைமுகச் சாலை முடிந்து, மேடு பள்ளமான பழைய சாலை ஆரம்பித்தது. கார் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. டீச்சர் பதறிப்போய்க் கலசத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவா ஓட்டுடா!"

"மெதுவாத்தாம்மா போறேன். மூடி நல்லா இறுக்கமாத்தானே இருக்கு? ஒண்ணும் சிந்தாது."

"சிந்தறதுக்குச் சொல்லல. நீ ஆட்டாம போ" என்றாள் டீச்சர்.